மென்பொருளை நிறுத்திவிட்டால் நம் வேலை என்ன ஆகும்?

புத்தகக் கண்காட்சிக்கு முன்னால் வரும் மார்கழி மாதம் புத்தகப் பக்கங்களை அமைக்கும் எங்களைப் போன்ற லேஅவுட் ஆட்களுக்குத் தூக்கம் இல்லாத மாதம். ராயப்பேட்டையில் ஒரு மாடி அறையில்தான் என் வேலை. நந்தனத்தில் கண்காட்சி தொடங்குவதற்குள் எல்லாப் பதிப்பாளரும் புதுப் புத்தகத்தோடு நிற்க வேண்டும். அந்த அவசரத்துக்கு நடுவில், இருபது வருடமாக எனக்கு வேலை கொடுக்கும் ஒரு பெரியவர் வந்து மேசைமேல் ஒரு சிடியை வைத்தார். 2004-இல் நான் லேஅவுட் செய்த நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு அது.

“மறுபதிப்பு போடணும்மா. ஃபைல்தான் இருக்கே, ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்ல?”

“முடிஞ்சிடும் சார்” என்றுதான் நானும் சொன்னேன்.

சிடி ஓடியது. பழைய லேஅவுட் மென்பொருள் போட்ட மெஷின் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் ஃபைலும் திறந்தது. ஆனால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள், நடுநடுவே டாலர் குறி, கேள்விக்குறி, தலையில் இரட்டைப் புள்ளி வைத்த ஏதேதோ ஐரோப்பிய எழுத்துகள். படம் அதன் இடத்தில் இருந்தது. பக்க எண் இருந்தது. ஓரம் இம்மியும் பிசகவில்லை. கதையை மட்டும் காணோம்.

அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும், எழுத்துரு இல்லையென்றால் அடியில் இருக்கும் ஆங்கிலக் குறிகள்தான் தெரியும். அந்தப் புத்தகத்துக்குப் பயன்படுத்திய தமிழ் எழுத்துருத் தொகுப்பை விற்ற நிறுவனம் எப்போதோ கடையை மூடிவிட்டது. அன்றைய மெஷின் ஒருமுறை பழுதாகி, எல்லாவற்றையும் இந்த மெஷினில் மறுபடி ஏற்றியபோது அந்த எழுத்துரு மட்டும் ஏறவில்லை. அதை நிறுவ ஒரு டாங்கிள் வேண்டும், கம்ப்யூட்டரின் முதுகில் செருகும் பூட்டு. டாங்கிள் என் டிராயரில் பத்திரமாக இருக்கிறது. அதைச் செருகும் அகலமான பேரலல் போர்ட்தான் என்னிடம் உள்ள எந்த மெஷினிலும் இல்லை.

மென்பொருளை நிறுத்துவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்தப் பக்கத்தைத்தான் காட்டத் தோன்றும். நிறுத்திய நிறுவனத்துக்கு அது ஒரு கணக்கு முடிந்த விஷயம். நமக்கோ, நாமே செய்த வேலையை நாமே படிக்க முடியாமல் போகும் விஷயம்.

நிறுத்தம் என்பது ஒன்றல்ல

பழைய லாம்பிரெட்டா வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கம்பெனி ஸ்கூட்டர் செய்வதை நிறுத்தி எத்தனையோ வருடம் ஆகிறது. ஆனாலும் வண்டி ஓடுகிறது. ஜிபி ரோட்டில் இல்லாத பாகம் புதுப்பேட்டையில் கிடைக்கும். அங்கேயும் இல்லையென்றால் ஒரு லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். வண்டி நம்முடையது, அதைத் திறந்து பார்க்கும் உரிமையும் நம்முடையது.

மென்பொருளுக்கு ஒரு புதுப்பேட்டை கிடையாது. அதன் உள்ளே இருக்கும் நிரலைப் பெரும்பாலும் நமக்குத் தருவதில்லை. பழுது பார்க்க முடிந்தவர் விற்றவர் ஒருவர்தான். அதனால் அவர் “நிறுத்துகிறோம்” என்று சொன்னால், எதை நிறுத்துகிறார் என்று முதலில் பார்க்க வேண்டும். விற்பனையை மட்டும் நிறுத்தலாம். கையில் இருப்பது ஓடிக்கொண்டிருக்கும். புது வசதி சேர்ப்பதை நிறுத்திவிட்டு, பிழை திருத்தமும் பாதுகாப்புத் திருத்தமும் மட்டும் தரலாம். இதைத்தான் மெயின்டனன்ஸ் மோட் என்கிறார்கள், பராமரிப்பு நிலை. அந்தத் திருத்தத்தையும் நிறுத்தி, கேள்வி கேட்டால் பதில் சொல்லவும் ஆளில்லாமல் செய்வது அடுத்த படி. எல்லாவற்றையும் விடக் கடுமையானது கடைசி வகை: மென்பொருள் திறக்கும்போதெல்லாம் இணையம் வழியாக “இவர் பணம் கட்டியவர்தானா” என்று சரிபார்க்கும் சர்வரையே அணைத்துவிடுவது. அப்போது ஒழுங்காகப் பணம் கொடுத்து வாங்கியவர்கூட வாசலில் நிற்க வேண்டியதுதான்.

இந்தக் கடைசி நிலையை ஒரு நிறுவனம் கௌரவமாகக் கையாள முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அடோபி, ஃபோட்டோஷாப் முதலானவை அடங்கிய தன் சிஎஸ்2 தொகுப்புக்கான சரிபார்ப்புச் சர்வரை நிறுத்தியபோது, 2013-இன் தொடக்கத்தில், அந்தச் சர்வர் தேவைப்படாத பதிப்பைப் பழைய வாடிக்கையாளர்களுக்காக வெளியிட்டது. அதே ஆண்டு மே மாதம் அதே நிறுவனம், இனிமேல் புதுப் பதிப்புகள் சந்தாவில்தான் என்று அறிவித்தது. ஒருமுறை பணம் கட்டிக் காலமெல்லாம் வைத்துக்கொள்ளும் பதிப்பு சிஎஸ்6-ஓடு முடிந்தது. இந்த மாற்றம் முக்கியம். காசு கொடுத்து வாங்கியதைக் கம்பெனி நிறுத்தினால் நம் கையில் ஒரு பழைய பதிப்பாவது மிஞ்சும். வாடகைக்கு எடுத்ததை நிறுத்தினால், சாவியைத் திருப்பிக் கொடுத்த வீட்டைப் போல, உள்ளே போகவே முடியாது.

மென்பொருளை யாரும் நிறுத்தாமலேயே அது நிற்பதும் உண்டு. ஆப்பிளின் 2019 கேட்டலினா இயங்குதளம் 32-பிட் என்ற பழைய வகைச் செயலிகளை அடியோடு ஏற்க மறுத்தது. அன்றுவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடியவை, இயங்குதளத்தை அப்டேட் செய்த அடுத்த நிமிடம் திறக்கவில்லை. ஸ்டுடியோக்களில் அப்டேட் பொத்தானைத் தொடுவதற்கு முன் பத்துப் பேரைக் கேட்பது இதற்காகத்தான்.

சாலிகிராமத்து எடிட் ரூமும் ஒரு ஜூன் மாதமும்

2011-இல் சாலிகிராமம், வடபழனி, கோடம்பாக்கம் பக்கத்து எடிட் ரூம்களில் பலவற்றில் ஆப்பிளின் ஃபைனல் கட் ப்ரோ 7 என்ற எடிட்டிங் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது, சிலவற்றில் ஆவிட். அந்த ஆண்டு ஜூன் 21 அன்று ஆப்பிள் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் என்ற புதிய மென்பொருளை வெளியிட்டது. அடியிலிருந்து புதிதாக எழுதியது. விலை 299 டாலர். முன்பு இருந்ததைவிட மிகவும் மலிவு. அதே நாளில் பழைய 7-ஐக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எடிட்டர்களைக் கொதிக்க வைத்தது புதியது பிடிக்கவில்லை என்பதல்ல. பழைய ப்ராஜெக்ட் ஃபைலைப் புதியது திறக்காது. பல கேமராவில் எடுத்ததை ஒன்றாக வைத்து வெட்டும் மல்டிகேம் வசதி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டிய வேலையை வெளியே கொண்டுபோக வழி இல்லை.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் மொத்தச் சிக்கலும் இதில் இருக்கிறது. சினிமாவில் எடிட்டர் தன் மெஷினில் வெட்டுவது பெரும்பாலும் சின்ன அளவுப் பிரதியை. அன்று பல படங்கள் ஃபிலிமில்தான் எடுக்கப்பட்டன. எடிட்டர் முடித்த பிறகு, எந்த ரீலில் எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை எடுத்தார் என்ற பட்டியல் டிஐ (டிஜிட்டல் இன்டர்மீடியட்) லேபுக்குப் போகும். அங்கே பெரிய அளவு ஸ்கேனிலிருந்து அதே வெட்டுகளைத் திரும்பக் கட்டி, நிறம் சரிசெய்வார்கள். அந்தப் பட்டியலின் பெயர் இடிஎல். அதில் ஒரு வரி இப்படி இருக்கும்:

001 ஏ014 வி சி 01:02:10:05 01:02:14:11 01:00:00:00 01:00:04:06

முதல் எண் எத்தனையாவது வெட்டு என்பது. அடுத்தது ரீலின் பெயர். ‘வி’ என்றால் வீடியோ, ‘சி’ என்றால் கட். பிறகு வரும் இரண்டு நேரங்கள், அந்த ரீலில் ஷாட் தொடங்கும் இடமும் முடியும் இடமும். கடைசி இரண்டு, படத்தில் அது எங்கே உட்காருகிறது என்பது. மணி, நிமிடம், நொடி, ஃபிரேம். நாலு நொடி ஆறு ஃபிரேம் நீளமுள்ள ஒரு ஷாட்டின் மொத்த வரலாறும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. இது வெறும் எழுத்து. எந்த மென்பொருளும் இல்லாமல், பேப்பரில் அச்சடித்துக்கூடப் படிக்கலாம். பல நாள் ராத்திரிகளில் உதவி எடிட்டர்கள் பேப்பரில்தான் சரிபார்த்தார்கள்.

புதிய மென்பொருள் வெளிவந்தபோது இடிஎல் எழுதத் தெரியாமல் வந்தது. சவுண்டுக்குக் கொடுக்கும் ஓஎம்எஃப் இல்லை. வெட்டுகளை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் எக்ஸ்எம்எல் இல்லை. எவ்வளவு வேகமாக வெட்டினாலும் லேபுக்கும் சவுண்டுக்கும் வேலையைக் கை மாற்ற முடியாத எடிட்டர் என்ன செய்வார்?

உலகம் முழுக்க எடிட்டர்கள் மனுக்களில் கையெழுத்திட்டார்கள். ஆப்பிள் சிலருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, சில மாதம் கழித்து பழைய 7-ஐத் தொலைபேசி வழியாகக் கேட்பவர்களுக்கு மறுபடி விற்றது. செப்டம்பரில் எக்ஸ்எம்எல் வந்தது. 2012 ஜனவரியில் மல்டிகேம் வந்தது. இன்று அந்த மென்பொருளில் நல்ல வேலை செய்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த ஏழெட்டு மாதத்தில் பலர் அடோபியின் பிரீமியருக்கும் ஆவிட்டுக்கும் போய்விட்டார்கள். கருவியின் மேல் இருந்த கோபம் தணிந்திருக்கும். நாளைக்கு மறுபடி இப்படிச் செய்துவிடுவார்களோ என்ற பயம் தணியவில்லை.

ஸ்டுடியோக்கள் அந்த இடைவெளியில் என்ன செய்தன என்பதில்தான் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த படத்தை யாரும் நடுவில் மாற்றவில்லை. பழைய மெஷினை இணையத்திலிருந்து பிரித்து, ‘அப்டேட் செய்யாதே’ என்று மானிட்டர் ஓரத்தில் காகிதம் ஒட்டி, அந்தப் படம் முடியும்வரை அப்படியே உறைய வைத்தார்கள். அடுத்த படத்தை, அதுவும் ஒரு சின்ன விளம்பரத்தையோ குறும்படத்தையோ, புதியதில் முயன்று பார்த்தார்கள். மென்பொருள் நின்றுவிட்டது என்ற செய்தி வந்த நாளில் வேலை நிற்பதில்லை. அடுத்த வேலைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கவலைதான் அன்று தொடங்குகிறது.

ஒரே வீட்டில் மூன்று மருமகள்

ஏன் நிறுத்துகிறார்கள்? ஒரு காரணம் அடிக்கடி திரும்ப வருகிறது: ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கும்போது, ஒரே வேலையைச் செய்யும் மென்பொருள்கள் ஒரே வீட்டில் சேர்ந்துவிடுகின்றன.

மான்ட்ரியலில் 1986-இல் தொடங்கிய சாஃப்ட்இமேஜ், முப்பரிமாண அனிமேஷனில் முன்னோடி. 1993-இல் வந்த ஜுராசிக் பார்க்கின் டைனோசர்களை அசைய வைத்ததில் அதற்குப் பங்கு உண்டு. 1994-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 1998-இல் ஆவிட்டுக்குப் போனது. 2008-இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. ஆட்டோடெஸ்கிடம் ஏற்கெனவே 3டிஎஸ் மேக்ஸ் இருந்தது, மாயாவையும் 2006-இல் வாங்கியிருந்தது. மூன்றும் ஒரே வேலைக்கு. 2014 மார்ச்சில் அறிவிப்பு வந்தது: சாஃப்ட்இமேஜ் 2015 என்ற பதிப்புதான் கடைசி. உதவி 2016 ஏப்ரல் 30-ஓடு முடியும். சந்தாதாரர்கள் மாயாவுக்கோ மேக்ஸுக்கோ மாறிக்கொள்ளலாம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

தாராளமான ஏற்பாடு மாதிரித்தான் தெரிகிறது. அப்படியும் சாஃப்ட்இமேஜில் பத்துப் பதினைந்து வருடம் ஊறியவர்கள் ஏன் துக்கம் விசாரிப்பது போலப் பேசினார்கள்? அதில் ஐஸ் என்ற ஒரு பகுதி இருந்தது. சின்னச் சின்னப் பெட்டிகளைக் கம்பியால் இணைப்பது போல இணைத்து, புகை, மழை, நொறுங்கும் கண்ணாடி, பறவைக் கூட்டம் என்று நிரல் எழுதத் தெரியாத கலைஞரும் கட்டலாம். ஒவ்வொரு ஸ்டுடியோவும் பல வருடமாகத் தன் பெட்டிகளைத் தானே கட்டிச் சேர்த்து வைத்திருந்தது. மாயா உரிமம் இலவசமாகக் கிடைத்தாலும் அந்தப் பெட்டிகள் மாயாவுக்குள் வராது.

வீடு மாற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் டெம்போவில் ஏறிவிடும். சுவரோடு சேர்த்துக் கட்டிய லாஃப்ட் ஏறாது. பூஜை அறைக்கு நீங்கள் வைத்த கதவும் ஏறாது. முப்பரிமாண வேலையில் உருவத்தின் வடிவம் டெம்போவில் ஏறும். அதன் அசைவையும், ஃபிரேம் ஃபிரேமாகக் கெட்டிப்படுத்தி, எஃப்பிஎக்ஸ் அல்லது அலெம்பிக் ஃபைலாக ஏற்றலாம். அந்த உருவத்தை அசைக்கும் எலும்புக்கூட்டுக் கட்டமைப்பு, ரிக் என்பார்கள், பெரும்பாலும் ஏறாது. ஏறினாலும் கை கால் ஒழுங்காக இருக்காது. அதைப் புதிய இடத்தில் மறுபடி கட்டத்தான் வேண்டும். ஒரு நல்ல கதாபாத்திரத்துக்கு ரிக் கட்டுவது வாரக்கணக்கில் ஆகும் வேலை.

கணக்கில் வராத இன்னொரு இழப்பு மனிதருக்கு நேர்வது. ஒரு மென்பொருளில் பத்து வருடம் வேலை பார்த்தவருக்கு அதன் ஷார்ட்கட் விரலில் இருக்கும், யோசிக்கவே வேண்டாம். கருவி மாறிய அன்று அவர் பக்கத்து நாற்காலியில் இருக்கும், நேற்றுப் படிப்பை முடித்து வந்த பையனை “இது எங்கேப்பா இருக்கு?” என்று கேட்க வேண்டியிருக்கிறது. காட்சியை எப்படி அமைப்பது, கனம் எப்படித் தெரிய வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்ற அறிவு அவரிடம் அப்படியே இருக்கிறது. ஆனால் சம்பளம் பேசும் இடத்தில் மென்பொருளின் பெயரைத்தான் கேட்கிறார்கள். சென்னையில் அனிமேஷன் கற்றுத்தரும் பல இடங்களிலும் பாடத்தின் பெயரே மென்பொருளின் பெயராக இருப்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஓவியமும் அசைவும் ஒளியும் முதலில் சொல்லிக்கொடுங்கள் என்று அவர்களிடம் கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது.

இதே போல விலைக்குப் போய் நின்றது ஃப்ரீஹேண்ட் என்ற வரைகலை மென்பொருள். அதை வைத்திருந்த மேக்ரோமீடியாவை அடோபி 2005-இல் வாங்கியது. அடோபியிடம் இல்லஸ்ட்ரேட்டர் இருந்தது. 2007-இல் ஃப்ரீஹேண்டை இனி வளர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பயனர்கள் சும்மா இருக்கவில்லை. அமைப்பாகத் திரண்டு 2011-இல் ஏகபோகத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கே போட்டார்கள். 2012-இல் சமரசத்தில் முடிந்தது. ஃப்ரீஹேண்ட் திரும்பி வரவில்லை.

கத்தினால் பலன் உண்டா?

சில நேரம் உண்டு. 2026 பிப்ரவரி தொடக்கத்தில் அடோபி, அனிமேட் மென்பொருளை மார்ச் 1-இல் நிறுத்துவதாக வாடிக்கையாளர்களுக்கு எழுதியது. 1990-களில் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்று பிறந்து, ஃபிளாஷ் என்று உலகம் முழுக்கத் தெரிந்து, பிறகு அனிமேட் என்று பெயர் மாறிய அதே மென்பொருள். கார்ட்டூன் செய்பவர்கள், அதில் பாடம் எடுப்பவர்கள், குழந்தைகளுக்கான காணொளி செய்பவர்கள் என்று எல்லாப் பக்கமிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. ஓரிரு நாளில் நிறுவனம் பின்வாங்கியது: நிறுத்தவில்லை, பராமரிப்பு நிலையில் வைக்கிறோம், விற்பனையும் தொடரும் என்றது.

நல்ல செய்திதான். ஆனாலும் பராமரிப்பு நிலை என்றால் என்ன என்று மேலே பார்த்தோம். புது வசதி வராது. நான் ஒரு ஸ்டுடியோ நடத்தினால் இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வாய்தா என்றுதான் எடுத்துக்கொள்வேன். கையில் உள்ள தொடரை அதிலேயே முடிப்பேன், அடுத்த தொடரின் மாதிரி அத்தியாயத்தை வேறொன்றில் செய்து பார்ப்பேன்.

குரல் கொடுப்பதைத் தாண்டி, பயனர்கள் காசு போட்டுக் கருவியையே வாங்கிய ஒரு சம்பவம் இருக்கிறது. நெதர்லாந்தில் ‘நாட் எ நம்பர்’ என்ற பெயருள்ள நிறுவனம் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைச் செய்துவந்தது. 2002-இல் அந்த நிறுவனம் மூடப்பட்டது. பிளெண்டரை உருவாக்கிய டான் ரோசண்டால் முதலீட்டாளர்களிடம் பேசினார். ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் நிரலைத் திறந்துவிடலாம் என்றார்கள். ஏழே வாரத்தில் பயனர்கள் அந்தப் பணத்தைச் சேர்த்துவிட்டார்கள். 2002 அக்டோபர் 13 அன்று பிளெண்டர், நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய திறந்த மூல உரிமத்தில் வெளியானது. இன்று சென்னையில் லேப்டாப் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அனிமேஷன் கற்கும் பிள்ளைகள் தொடங்குவது பெரும்பாலும் அதில்தான். அதை இனி எந்த ஒரு கம்பெனியும் தனியாக நிறுத்த முடியாது. ஒருவர் கைவிட்டாலும் நிரல் ஊருக்குப் பொதுவாக இருக்கிறது. 2016-இல் டூன்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளும் ஓபன்டூன்ஸ் என்ற பெயரில் இப்படித் திறக்கப்பட்டது. ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோ பயன்படுத்தியது அது.

திறந்த மூலத்துக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வேலை கொடுப்பவர் வேறு ஃபைல் கேட்பார், பக்கத்து ஸ்டுடியோ வேறொன்றில் இருக்கும், பழகிய கை மறுபடி பழக வேண்டும். ஆனால் எப்போது மாறுவது என்ற தேதி நம் கையில் இருக்கும். அது சின்ன விஷயமில்லை.

எங்கள் பக்கத்து பேஜ்மேக்கர்

லேஅவுட் உலகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இது நான் கைபட அறிந்த இடம். பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 1985-இல் ஆல்டஸ் நிறுவனத்திடமிருந்து வந்தது. 1994-இல் ஆல்டஸை அடோபி வாங்கியது, 1999-இல் அதே வேலைக்கு இன்டிசைனைக் கொண்டுவந்தது. பேஜ்மேக்கர் 7-தான் கடைசி. இத்தனை வருடம் கழித்தும் திருவல்லிக்கேணியிலும் ராயப்பேட்டையிலும் அதில் கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் செய்கிற டிடிபி கடைகள் இருக்கின்றன. ரிச்சி தெருவில் பழைய மெஷின் வாங்கி, இன்டர்நெட் கொடுக்காமல், அதற்கென்றே வைத்திருப்பார்கள். வெளியாட்கள் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர்களுடைய நூற்றுக்கணக்கான பழைய வேலையும், காசு கொடுத்து வாங்கிய தமிழ் எழுத்துருக்களும் அதில்தான் ஓடுகின்றன. எல்லா மென்பொருளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய அந்த எழுத்துருக்களை வைத்து விரல் பழகிய டைப்பிஸ்ட் நாளைக்கு வேறு கீபோர்டு அடிக்க மாட்டார்.

ஆனால் கதவுகள் சத்தமில்லாமல் மூடிக்கொண்டே வந்தன. இன்டிசைன் சிஎஸ்6 வரை பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்தது. அதற்குப் பின் சந்தாவில் வந்த சிசி பதிப்புகள் திறக்கவில்லை. அதாவது பழைய ஃபைலைப் புது வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு வாசல் பல வருடம் திறந்திருந்தது. வேலை மும்முரத்தில் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. இப்போதும் சிஎஸ்6 ஓடும் மெஷின் உங்களிடமோ நண்பரிடமோ இருந்தால், முக்கியமான பேஜ்மேக்கர் ஃபைல்களை அதில் திறந்து, இன்டிசைனின் புதிய பதிப்புகளும் திறக்கும் ஐடிஎம்எல் வடிவில் சேமித்து வையுங்கள். இந்த வாரமே செய்யுங்கள். ஹார்டுடிஸ்க் உங்களுக்காகக் காத்திருக்காது.

வேலை முடிந்தவுடன் எதை எடுத்து வைப்பது என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். நான் சொல்வது இதுதான்: மென்பொருளின் சொந்த ஃபைலை மட்டும் நம்பாதீர்கள். எழுத்துருவை உள்ளே பதித்த ஒரு பிடிஎஃப், அச்சுக்கு அனுப்பியது எதுவோ அதுவே. யூனிகோடில் வெறும் உரை, அலங்காரம் எதுவும் இல்லாமல். படங்கள் டிஃப் வடிவில் தனியாக. எடிட்டர் என்றால் ப்ராஜெக்ட் ஃபைலோடு இடிஎல், எக்ஸ்எம்எல், முழுத் தரத்தில் ஒரு முடிந்த பிரதி. அனிமேஷன் என்றால், வேறு மென்பொருள்களும் படிக்கும் அலெம்பிக் அல்லது யுஎஸ்டி ஃபைல். கூடவே ஒரு சின்ன உரைக் கோப்பு: எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, எந்த பிளக்இன். வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பழைய வேலையை எடுத்து, உண்மையில் திறக்கிறதா என்று வேறொரு மெஷினில் திறந்து பாருங்கள். நான் அதைச் செய்திருந்தால் 2004-இன் அந்த சிடி மார்கழியில் என்னைத் திகைக்க வைத்திருக்காது.

அந்தப் புத்தகம்

அச்சிட்ட பழைய பிரதி ஒன்று சாரிடம் இருந்தது. அதைப் பக்கத்தில் விரித்து வைத்து, திரையில் வரும் ஒவ்வொரு குறியும் எந்தத் தமிழ் எழுத்து என்று நோட்டில் பட்டியல் போட்டேன். கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் வந்து, பட்டியலை வைத்து ஒரு சின்ன நிரல் எழுதினான். முதல் தடவை ஓட்டியபோது எல்லாக் கொம்பும் முந்திக்கொண்டு நின்றன.

“சித்தி, கொம்பு முன்னாடி வருதே, இதை எப்படித் திருப்புறது?”

பழைய எழுத்துருவில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே இருக்கும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில் வர வேண்டும், கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாக அதன் பின்னால். சொல்லிக்கொடுத்தவுடன் பிடித்துக்கொண்டான். ராத்திரி பதினோரு மணிக்குத் திரையில் முதல் முழு வாக்கியம் தமிழில் வந்தது. “ஒரு ஊர்ல ஒரு கெளவி இருந்தாளாம்.” அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிழை திருத்தம் நாலு நாள் பிடித்தது. ஒரு கதையில் கௌரி என்ற பெண் வருகிறாள். அவள் பெயர் போகும் இடமெல்லாம் ‘கெளரி’ என்று, நடுவில் ஒரு ளகரத்தோடு வந்திருந்தது. ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் பார்க்க ஒன்றுபோல் இருப்பதால், பழைய டைப்பிங்கில் இரண்டுக்கும் ஒரே விசையைத் தட்டியிருந்தோம். எல்லா ‘கெள’வையும் மொத்தமாக ‘கௌ’ என்று மாற்றிவிடவும் முடியாது, கிழவி கெளவி ஆகும் பேச்சுமொழி அந்தக் கதைகள் முழுக்க இருக்கிறது. ஒவ்வொன்றாகப் படித்துத்தான் திருத்தினோம்.

கண்காட்சி தொடங்கி மூன்றாம் நாள் புத்தகம் ஸ்டாலுக்குப் போனது. சாரிடம் ஒரு பென்டிரைவ் கொடுத்தேன்: பிடிஎஃப், ஐடிஎம்எல், யூனிகோட் உரை, எழுத்துருவின் பெயர் எழுதிய சின்னக் கோப்பு. அதே பிரதி ஒன்று என்னிடமும் ஒன்று அக்கா வீட்டிலும் இருக்கிறது. பழைய சிடியை என்ன செய்ய என்று கேட்டேன்.

“அதையும் குடும்மா, வச்சிருக்கேன்” என்றார்.

அதன் உறைமேல் மார்க்கரால் எழுதிக் கொடுத்தேன்: “2004. எழுத்துரு இல்லை, திறந்தால் படிக்க முடியாது. புது ஃபைல் பென்டிரைவில்.”